கேபிள் எல்சி எழுதிய வலை ஆராய்ச்சி

ராயபுரத்தில் அந்தக் காலத்தில் எல்சிகள் நிறையப் பேர். கோயில் பாடல் குழுவில் ஓர் எல்சி, மண்ணெண்ணெய்க் கடை எல்சி, மூக்குத்தி எல்சி என்று ஒவ்வொருவருக்கும் ஓர் அடைமொழி இல்லாமல் தெருவில் கூப்பிட முடியாது. துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிக்கொண்டிருந்த ஜேக்கப்பின் இரண்டாவது மகளுக்கு வாய்த்த பெயர் கேபிள் எல்சி.

கடற்கரைச் சாலையில் துறைமுகத்துக்கு எதிரே இருந்த ஒரு கப்பல் ஏஜென்சி அலுவலகத்தில் அவளுக்கு வேலை. எந்தக் கப்பல் வந்தது, எது இன்னும் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிறது, எதில் சரக்கு நனைந்துவிட்டது என்று வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு கேபிள், அதாவது கடல் கடந்த தந்தி, எழுதித் தரவேண்டும். தந்திக்கு வார்த்தை எண்ணித்தான் கட்டணம். அதனால் அந்த மேஜையில் ஒரே ஒரு சட்டம்தான் உண்டு: வெட்டு. மேஜையின் மூத்தவர் சௌக்கத் அலி. எல்சி சேர்ந்த முதல் வாரத்தில் எழுதிய தாளை அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, The vessel has arrived? இந்த the எதுக்கு?"

"இலக்கணப்படி வரணும் சார்."

"இலக்கணம் வூட்ல வெச்சிக்கோ. லண்டன்காரன் தன்னோட கப்பலு வந்துச்சான்னு கேக்கறான். நாம வந்துச்சுன்னு சொல்றோம். வேற எவன் கப்பலோ வந்துச்சுன்னா இவனுக்கா கேபிள் அடிப்போம்? எந்தக் கப்பல்னு அவனுக்கும் தெரியும், நமக்கும் தெரியும். the இன்னாத்துக்கு?"

எல்சிக்கு அந்த வாதம் மிகவும் பிடித்துப்போயிற்று. அன்றிலிருந்து a, an, the மூன்றையும் களை பிடுங்குவதுபோலப் பிடுங்கினாள். பன்மைக்கு வரும் s கூட அவசரத்தில் சில சமயம் போய்விடும். இரண்டு வருடத்தில் அந்தச் சாலையில் அவளைப்போல் சுருக்கமாக கேபிள் எழுத ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. பழக்கம் வீடுவரைக்கும் வந்தது. திருவொற்றியூர் தீப்பெட்டித் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து வரும் அக்கா ஃப்ளோரன்ஸுக்கு அடுக்களையில் ஒரு துண்டுச் சீட்டு காத்திருக்கும்: 'அரிசி தீர்ந்தது. ரசம் உள்ளது. சாவி ஜன்னல்.'

"ஏண்டி, வூட்டுக்கும் கேபிளா அடிக்கிற?" என்று ஃப்ளோரன்ஸ் கத்துவாள். "ரசம் உள்ளதாம். கூட ரெண்டு வார்த்த போட்டா அப்பளமும் கீதுன்னு தெரிஞ்சிருக்கும் இல்ல?"

அப்பா இறந்தபோது ஃப்ளோரன்ஸ் எட்டாவதோடு படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனாள். தங்கை படித்தாள். வேலை பார்த்துக்கொண்டே பி.ஏ., பிறகு பிரைவேட்டாக எம்.ஏ. பொருளாதாரம். அதோடு நின்றிருக்கலாம். எல்சிக்குக் கல்லூரியில் பாடம் நடத்த வேண்டும் என்று ஆசை. அதற்காக 1968இல் பகுதிநேர எம்.லிட். ஆராய்ச்சிக்குப் பதிவு செய்துகொண்டாள். வழிகாட்டி பேராசிரியர் தாமோதரன். நகரத்தின் வடபகுதியில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரியில் பொருளாதாரத்துக்கு ஒரு விரிவுரையாளர் வேலை காலியாகப் போகிறது, எழுபதாம் ஆண்டு செப்டம்பர் முடிவதற்குள் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்களுக்குத்தான் அது கிடைக்கும் என்று பேராசிரியரே சொல்லி வைத்திருந்தார். அவர் கையெழுத்து இல்லாமல் சமர்ப்பிக்க முடியாது. ஆக, எல்சிக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு கையெழுத்து.

தலைப்பு தேட அவள் எங்கேயும் போகவில்லை. அம்மா பிறந்தது திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு மீனவக் குப்பத்தில். அங்கே கரைவலை இழுக்கிறவர்கள் கிடைத்த மீனை எப்படிப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. ஞாயிறு பூசை முடிந்ததும் பஸ் ஏறிப் போய், சாயங்காலம்வரை மணலில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு எழுதினாள். விவரம் சேர்ப்பதில் அவளுக்கு ஒரு கஷ்டமும் இருக்கவில்லை. கஷ்டம், அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தபோதுதான் தொடங்கியது.

தாமோதரன் முதல் அத்தியாயத்தை மேஜையில் வைத்து, அதன்மேல் இரண்டு கைகளையும் வைத்தார்.

"மிஸ் எல்சி, யாருக்கு உடம்பு சரியில்லை?"

"யாருக்கும் இல்லையே சார்."

"பின்னே எதற்குத் தந்தி அடித்திருக்கிறீர்கள்? முப்பது பக்கம் முழுக்கத் தந்தி. விஷயம் முதல் தரம். ஆனால் a, the எல்லாம் எங்கே? வரும் வழியில் கடலில் கொட்டிவிட்டீர்களா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எல்சிக்குக் காது சூடாகிவிட்டது. வீட்டுக்கு வந்து எடுத்துப் பார்த்தாள். மனுஷர் சொன்னது சரி. வலை, படகு, பங்கு, கரை எல்லாம் மொட்டையாக நின்றன. எழுதும்போது அவளுக்கு அது தெரியவே இல்லை.

அடுத்த மாதம் ஓர் இலக்கணப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒரு விதி, அதன் கீழே மூன்று விதிவிலக்கு, அதற்கும் ஒரு நட்சத்திரக் குறி. பயத்தில் கண்ட இடமெல்லாம் the போட்டாள். மனித உழைப்புக்கு the, பசிக்கு the, உப்புக்கு the. "இது தந்தி இல்லை, மழை" என்று தாமோதரன் திருப்பிக் கொடுத்தார்.

வேறு வழியில்லாமல் அவள் பெட்டிஷன் லூயிஸிடம் போனாள். லூயிஸ் ரயில்வே தலைமை அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்துப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கோயில் பங்கில், அதாவது அந்தத் தேவாலய வட்டாரத்தில், யாருக்கு ஆங்கிலத்தில் மனு எழுத வேண்டும் என்றாலும் அவர்தான். பென்ஷன் வராதவன், பையனுக்கு அப்ரண்டிஸ் இடம் கேட்கிறவள், வீட்டுக்காரனோடு சண்டை போட்டவன் எல்லாரும் அவர் வீட்டு வாசலில் நிற்பார்கள். காசு வாங்கமாட்டார். பச்சை மை பேனாவால்தான் எழுதுவார்.

"ரொம்பச் சிம்பிள், பொண்ணே. பெயர்ச்சொல்லுன்னா ஜென்டில்மேன். ஜென்டில்மேன் தொப்பி இல்லாம தெருவுல போகக்கூடாது. நான் போட்டு விடுறேன் தொப்பி. நீ வெச்சிட்டுப் போ."

மூன்று மாதம் எடுத்துக்கொண்டார். ஆறு அத்தியாயத்தின் கைப்பிரதியும் பச்சையாகத் திரும்பி வந்தது. படித்தால் ஓடுகிறது, எங்கேயும் தடுக்கவில்லை. எல்சி அதை அப்படியே டைப் அடித்துப் பேராசிரியரிடம் கொடுத்தாள். அது எழுபதாம் ஆண்டு ஜூன் மாதம்.

தாமோதரன் அவளை உட்காரச் சொல்லிக் காபி வரவழைத்தார். அதுவரை அவர் அறையில் அவளுக்குக் காபி வந்ததில்லை.

"இப்போது எவ்வளவு தெளிவாக இருக்கிறது பாருங்கள். வலைக்கு ஒரு சொந்தக்காரன். அவனிடம் பங்குக்கு வேலை செய்கிற ஆட்கள். முதலாளி, தொழிலாளி. நான் எதிர்பார்த்தது இதைத்தான். முடிவுரையை இதன்மேல் கட்டிவிடுங்கள். ஆகஸ்டிலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்."

எல்சி காபியைக் குடித்து, நன்றி சொல்லி, படி இறங்கி வந்துவிட்டாள். பஸ் நிறுத்தத்தில்தான் அவர் சொன்னது உறைத்தது. வலைக்கு ஒரு சொந்தக்காரனா?

அந்தக் குப்பத்துக் கரைவலைக்கு அப்படி ஒருவன் கிடையாது. வலை என்பதே துண்டு துண்டாகக் கட்டிச் சேர்த்தது. ஒவ்வொரு வீடும் ஒரு துண்டு பின்னிக் கொண்டுவரும். இரண்டு பக்கத்துக் கைகளுக்குப் பெரிய ஓட்டையாகப் பின்னிய பெருங்கண்ணி, மீன் வந்து விழும் மடிக்குச் சிறுகண்ணி. எல்லாத் துண்டையும் கயிற்றால் கோத்தால் ஒரு வலை. மீனில் ஆளுக்குப் பங்கு தனி, துண்டுக்குப் பங்கு தனி. சிவந்தி என்று ஒரு கைம்பெண் இருந்தாள். அவள் வீட்டிலிருந்து கடலுக்குப் போக ஆள் இல்லை. ஆனால் மடிக்குப் பக்கத்தில் அவள் துண்டு இருந்தது. அதனால் வலை இறங்கும் ஒவ்வொரு நாளும் அவள் கூடைக்கு மீன் வரும். யாரும் அதைத் தருமம் என்று நினைப்பதில்லை, சிவந்தியும் நினைப்பதில்லை.

வீட்டுக்கு வந்து பச்சைப் பிரதியைப் புரட்டினாள். the owner of the net. பக்கத்துக்குப் பக்கம் அதுதான். அவ்வளவு அழகான ஆங்கிலத்தில் சிவந்தி எங்கேயும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் லூயிஸ் வீட்டுக்குப் போனாள்.

"அங்கிள், வலைக்கு ஒரே ஓனர்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"நீதான் பொண்ணே." அவள் கையோடு கொண்டுவந்திருந்த பழைய பிரதியை அவர் புரட்டிக் காட்டினார். owner of net என்று இருந்தது. s இல்லை, முன்னால் எதுவும் இல்லை. "ஒருத்தனா, பத்துப் பேரான்னு நீ எழுதல. நான் ரயில்வேக்காரன். எங்க ஆபீஸ்ல எதுக்கும் ஒரே ஓனர்தான், கவர்மென்ட்டு. தொப்பி போடத்தான் எனக்குத் தெரியும். தலை உங்கிட்ட இல்ல இருக்கு?"

எல்சி சிரித்துவிட்டாள். கோபப்பட்டு வந்தவளுக்குக் கோபப்பட இடம் இல்லை. அவளுக்குத் தெரியும் என்பதால் அவள் எழுதாமல் விட்டிருக்கிறாள். அவருக்குத் தெரியாது என்பதால் அவர் எழுதிவிட்டார். இந்த மூன்று குட்டி வார்த்தைகளை வெளியாள் கடனாகக் கொடுக்க முடியாது என்பது அவளுக்கு அந்த வாசலில்தான் விளங்கியது. எத்தனை, எது, முன்னமே சொன்னதா என்பதை விஷயம் தெரிந்தவள்தான் சொல்ல வேண்டும்.

ராத்திரிச் சாப்பாட்டில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்டியே குட்த்தா கையெழுத்துப் போட்டுருவாராமா?" என்று கேட்டாள் ஃப்ளோரன்ஸ்.

"போட்ருவாரு."

"வேலையும் கெடைக்குமா?"

"அநேகமா."

ஃப்ளோரன்ஸ் மீன் முள்ளைத் தட்டின் ஓரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக வைத்தாள். "அப்பறம் ஞாயித்துக்கெழமை சிவந்தி மூஞ்சிய எப்டிப் பாப்ப?"

எல்சி தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் பச்சை மை படாத பழைய பிரதியை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள்.

இந்தத் தடவை இலக்கணப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொள்ளவில்லை, அக்காவை உட்காரவைத்துக்கொண்டாள். கேபிள் வாங்குகிறவனுக்கு எந்தக் கப்பல் என்று தெரியும். ஆராய்ச்சி படிக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் பம்பாயிலோ பாட்னாவிலோ இருப்பான்; கரைவலையைக் கண்ணால் பார்த்திருக்க மாட்டான். அவன் இடத்தில் ஃப்ளோரன்ஸ் உட்கார வேண்டும். குப்பத்தைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் மறந்துவிட்டு, எல்சி ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லச் சொல்ல, புரியாத இடத்தில் 'எந்த?' என்று கேட்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"வலை கரைக்கு வருது."

"எந்த வலை?"

"இப்பத்தான்கா மொத மொத சொல்றேன்."

"அப்ப எனக்கு எப்டித் தெரியும்? ஒரு வலைன்னு சொல்லு."

எல்சி a என்று எழுதினாள். "வலையோட மடிய நாலு பேர் தூக்கறாங்க."

"ம், போ."

"எந்த வலைன்னு கேக்கலியா?"

"இப்பத்தானடி சொன்ன, கரைக்கு வந்துச்சுன்னு. அது தான?"

the. மடிக்கும் the, ஏனென்றால் ஒரு வலைக்கு ஒரு மடிதான்.

"கடல் சீறிக்கினு இருந்தா வலை எறக்கமாட்டாங்க." ஃப்ளோரன்ஸ் வாயைத் திறக்கவில்லை. "எந்தக் கடல்னு கேளேன்கா."

"லூஸாடி நீ? நமக்கு இன்னா பத்துக் கடலா கீது?"

அதற்கும் the. இப்படியே போனது. உப்பு வந்தபோது ஒரு சிக்கல் வந்தது. 'உப்பு விலை ஏறியது' என்றால் ஃப்ளோரன்ஸ் எந்த உப்பு என்று கேட்கவில்லை. ஆனால் அங்கே the வராது. அந்த உப்பு, இந்த உப்பு என்று இல்லாமல் பொதுவாக உப்பு. எண்ண முடியாததைப் பொதுவாகச் சொன்னால் முன்னால் எதுவும் வேண்டாம். மீனவர்கள் என்று எல்லாரையும் சேர்த்துப் பன்மையில் சொன்னாலும் அப்படித்தான். ஆக 'எந்த?' என்ற கேள்வியோடு 'மொத்தத்தையும் சொல்றியா?' என்ற இன்னொரு கேள்வியையும் ஃப்ளோரன்ஸ் கற்றுக்கொண்டாள். an மட்டும் தொல்லை தரவில்லை. அது எழுத்தைப் பார்க்காமல் வாயில் வரும் ஓசையைப் பார்ப்பது என்பது எல்சிக்குப் பள்ளிக்கூடத்திலேயே தெரியும். எந்தக் கேள்விக்கும் அடங்காத சில இருந்தன. கொசஸ்தலையாற்றுக்கு the உண்டு, எண்ணூருக்குக் கிடையாது.

"ஆத்துக்கு உண்டு, ஊருக்கு இல்லியா? ஊர்ல கீறவன் இன்னா பாவம் பண்ணான்?" என்றாள் ஃப்ளோரன்ஸ்.

"வெள்ளக்காரனக் கேளு."

"அவந்தான் பூட்டானே. அத்தயும் இஸ்துகினு பூட வேண்டியதுதான?"

நாலாம் அத்தியாயத்தில் ஒரு வாக்கியம் அவர்களை ஒரு மாலை முழுக்க நிறுத்திவைத்தது. துண்டுப் பங்கு குறைந்ததற்குக் காரணம் நைலான் வலை என்று எல்சி எழுதியிருந்தாள். லூயிஸ் காரணத்துக்கு முன்னால் the போட்டிருந்தார். ஃப்ளோரன்ஸ், "அது ஒண்ணுதானா?" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்சி யோசித்தாள். மோட்டார் படகும் வந்திருந்தது. ஐஸ் வைத்து வாங்குகிற வியாபாரியும் வந்திருந்தான். the cause என்றால் வேறு எதுவும் காரணம் இல்லை என்று கதவைச் சாத்துவது. a cause என்றால் பல காரணங்களில் இது ஒன்று. தன் கையில் இருக்கும் விவரத்துக்கு எவ்வளவு சொல்ல உரிமை உண்டோ அவ்வளவுதான் சொல்ல வேண்டும். the வேண்டாம் என்று a போட்டபோது, தன் ஆராய்ச்சி கொஞ்சம் சின்னதாகி, கொஞ்சம் உறுதியாகிவிட்டதாக அவளுக்குத் தோன்றியது.

அலுவலகத்தில் இதனால் ஓர் அனர்த்தம். சௌக்கத் அலி ஒருநாள் அவள் எழுதிய கேபிளைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "யா அல்லா! மூணு the! எல்சிம்மா, ஒடம்புக்கு இன்னா ஆச்சு?" அப்புறம் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, "சரி, அங்க போடு, இங்க எடு. ரெண்டு வூட்டுக் கணக்கைக் கலக்காதே" என்று சமாதானம் சொல்லி அனுப்பினார்.

செப்டம்பர் பாதியில் நாலு அத்தியாயம் முடிந்திருந்தது. அதை எடுத்துக்கொண்டு எல்சி தாமோதரனிடம் போனாள். அவர் சில பக்கங்கள் படித்தார். முகம் சுருங்கியது.

"An owner. One of the owners. The owner of a piece. மிஸ் எல்சி, ஆங்கிலம் சரியாகத்தான் இருக்கிறது. யார் திருத்தியது?"

"நானே எழுதினேன் சார்."

"ஆனால் நழுவுகிறீர்கள். வலைக்கு உரிமையாளர் யார் என்று ஒரே கேள்வி. அதற்கு நேராகப் பதில் சொல்ல மறுக்கிறீர்கள். ஜூனில் தெளிவாக இருந்தது."

"ஜூன்ல இருந்தது தப்பு சார். என் தப்புதான்."

"இதோ பாருங்கள். அந்தப் பிரதியைக் கொண்டுவாருங்கள், நாளைக்கே கையெழுத்துப் போடுகிறேன். இதில் போடமாட்டேன். எந்த நாட்டு மீனவர்களைப் பற்றிப் படித்தாலும் கருவி ஒருவனிடம்தான் இருக்கும்."

எல்சி தாள்களை அடுக்கிக் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் எழுந்திருக்கவில்லை. "சார், இந்தச் சனிக்கிழமை அங்க வலை அவுக்கறாங்க. மழைக்காலம் வருது இல்ல, அதுக்கு முன்னாடி வருஷா வருஷம் அவுப்பாங்க. ஒருதரம் வந்து பாருங்க. பாத்துட்டு அதே மாதிரி சொன்னீங்கன்னா பழைய பிரதியையே குடுத்துடறேன்."

சொல்லி முடித்த பிறகுதான், எவ்வளவு பெரிய பந்தயம் கட்டிவிட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. தாமோதரன் ஜன்னல் பக்கம் பார்த்தார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. குப்பம் எதையும் இதுவரை பார்த்ததில்லை, அவ்வளவுதான். வருகிறேன் என்றார்.

சனிக்கிழமை காலை அவர் கால்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டு, பூட்ஸை ஒரு கையில் தொங்கவிட்டுக்கொண்டு மணலில் நடந்து வந்தார். கரையில் வலை நீளவாக்கில் விரித்துக் கிடந்தது. அம்மாவுக்குத் தம்பி முறையான ஆசீர்வாதம், வலை இழுக்கும்போது குரல் கொடுக்கிறவர், நடுவில் நின்று கத்திக்கொண்டிருந்தார்.

"அல்லாரும் வந்தாச்சா? சிவந்தி எங்க? அது வராம முடிச்ச அவுக்காதீங்கடா, அப்பால நம்பள உயிரோட வுடாது."

சிவந்தி வந்தாள். கயிற்று முடிச்சுகளை அவிழ்த்தார்கள். ஒவ்வொரு துண்டாகப் பிரிந்தது. அவரவர் தம் தம் துண்டைச் சுருட்டித் தோளிலோ தலையிலோ வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்கள். மழைக்காலம் முழுக்க உட்கார்ந்து கிழிசல் பார்த்து, தை பிறந்ததும் திரும்பக் கொண்டுவந்து கோப்பார்கள். சிவந்தி தன் துண்டை வாங்கி, ஒரு கிழிசலில் விரலை விட்டு, "யாருடா என் துண்ட பாறைல இஸ்தது?" என்று அங்கேயே சண்டையை ஆரம்பித்தாள்.

தாமோதரன் ஆசீர்வாதத்தின் அருகில் போனார். "ஐயா, இந்த வலை யாருடையது?"

"எந்த வலை சார்?"

"இதோ, இங்கே இருந்ததே."

ஆசீர்வாதம் சுற்றுமுற்றும் பார்த்தார். மணலில் கயிறும் மிதப்புக் கட்டைகளும்தான் கிடந்தன. "இப்ப வலை இல்லியே சார். துண்டு அதுஅது வூட்டுக்குப் பூடுச்சு. தையில கட்டுவோம். கட்டினாத்தான் வலை."

"ஒருவர் தம் துண்டைத் தரமாட்டேன் என்றால்?"

"அந்த ஓட்ட வழியா மீனு பூடும். அல்லாருமா போய் அவன் வூட்டு வாசல்ல நின்னு திட்டுவோம். சாயங்காலத்துக்குள்ள குட்த்துருவான்."

தாமோதரன் சிரிக்க ஆரம்பித்தார். பூட்ஸ் ஆடும் அளவுக்குச் சிரித்தார். பிறகு தம் துண்டைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். யாரோ கொடுத்த சுக்குக் காப்பியை வாங்கிக் குடித்தார்.

"மிஸ் எல்சி, இந்த மாதம் கையெழுத்துக் கிடையாது."

எல்சி மணலில் கிடந்த கயிற்றைப் பார்த்தாள்.

"எப்படிப் போடுவது? முடிவுரை முழுக்க மாற வேண்டும். இல்லாத ஒரு முதலாளிமேல் கட்டச் சொன்னவன் நான் அல்லவா? ஆறு மாத அவகாசம் கேட்டு நானே எழுதுகிறேன். கடைசி இரண்டு அத்தியாயத்தையும் இதேபோல் எழுதிக் கொண்டுவாருங்கள்." கொஞ்சம் தயங்கிச் சேர்த்துக்கொண்டார்: "அந்தக் கல்லூரி வேலை போய்விடும். உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும் சார்."

தெரிந்துதான் வந்திருந்தாள். ஆனாலும் பஸ்ஸில் திரும்பும்போது வருத்தம் வருகிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தாள். கொஞ்சம் இருந்தது. அதைவிடப் பசி அதிகமாக இருந்தது. வீட்டுக்குப் போய் அக்காவோடு உட்கார்ந்து நெத்திலிக் குழம்பை வழித்துச் சாப்பிட்டாள்.

அந்த வேலை வேறொருத்திக்குப் போனது. எல்சியின் ஆய்வேடு எழுபத்தொன்றாம் ஆண்டு மார்ச்சில் தாமோதரனின் கையெழுத்தோடு போனது. தேர்வாளர்கள் வலைச் சொந்தக்காரர்களைப் பற்றிய அத்தியாயத்தைத்தான் அதிகம் பாராட்டியிருந்தார்கள். பட்டம் வந்தது. இரண்டு வருடம் கழித்து வேறு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்து, கப்பல் அலுவலகத்தை விட்டாள். இன்றைக்கும் அவளுடைய மாணவிகள் கட்டுரையில் the போடுமுன் ஒரு கணம் தயங்கி, எந்த என்று தங்களையே கேட்டுக்கொள்கிறார்கள் என்று சொல்வார்கள்.

ஆய்வேட்டின் ஒரு பிரதியை அவள் குப்பத்துக்கு எடுத்துக்கொண்டு போன நாளைச் சொல்லாமல் முடிக்க முடியாது. சிவப்பு அட்டை போட்டு, பொன்னெழுத்து அச்சடித்த கனமான புத்தகம். ஃப்ளோரன்ஸும் கூடப் போயிருந்தாள். ஆசீர்வாதம் அதை வாங்கி எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பார்த்தார்.

"இத்தினி பெரிய புக்குல எம் பேரு எங்கமே கீது?"

உள்ளே யார் பெயரும் இல்லை. an owner, another owner, a widow who owns a piece என்றுதான் இருக்கும். ஆராய்ச்சியில் அப்படித்தான் எழுதுவது. ஆனால் முன்னால் நன்றி சொல்லும் பக்கத்தில் எல்சி அத்தனை பேரையும் எழுதியிருந்தாள். வயது வரிசையில் எழுதவில்லை, எழுத்து வரிசையிலும் எழுதவில்லை. வலையில் துண்டு வரும் வரிசை: வடக்குக் கையில் தொடங்கி, மடி வழியாக, தெற்குக் கை முடிய. அதை அவள் உரக்கப் படித்தாள். ஒவ்வொரு பெயருக்கும் அங்கே நின்றவர்கள் அந்தத் துண்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள். மடிக்குப் பக்கத்தில் வந்ததும் எல்சி சிவந்தியின் விரலைப் பிடித்து அந்த எழுத்தின்மேல் வைத்தாள். சிவந்தி விரலை எடுக்காமல், "எனக்கு அண்டைல யாரு?" என்று கேட்டாள். பெரிய தாமஸ் என்று எல்சி சொன்னதும், "ஆமா, அவன்தான். முடிச்சு சரியாப் போடமாட்டான்" என்றாள்.

ஆசீர்வாதத்துக்கு மட்டும் ஒரு குறை. "நான்தான் கொரலு குடுக்கறவன். எம் பேரு மொதல்ல இல்லியே?"

"உங்க துண்டு மூணாவதுதான மாமா?"

அவர் வாய்க்குள் வடக்கிலிருந்து ஒவ்வொரு துண்டாகக் கோத்துப் பார்த்தார். பிறகு புத்தகத்தை ஃப்ளோரன்ஸிடம் நீட்டினார்.

"கரெக்டா தான் எழுதிக்கினு வந்துகீது."